கிரிவலத்தில் கூடவே வரும் தம்பி

கேள்வி: எனக்கு 61 வயது. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் தம்பி குடியிருக்கிறான். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரிக்கிறான். ‘கோயில் குளம்னு போறவளுக்கு வீடு எதுக்கு, விட்டுடேன்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை போகிறேன். 14 கிலோமீட்டரும் மனதுக்குள் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டேதான் நடக்கிறேன். பற்றை விடத் தெரியாத எனக்கு எதற்கு ஆன்மிகம்?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் அந்தச் சொந்தக்காரர்கள். தம்பியைப் பார்த்து ‘நீ விட்டுடேன்’ என்று அவர்களில் ஒருவராவது சொன்னாரா? பற்றறுக்கும் பொறுப்பு மட்டும் எப்படியோ வீட்டுப் பெண்கள் தலையில்தான் வந்து விடிகிறது.

உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். வேறு வாரிசு இல்லையென்றால் பாதி வீடு உங்களுடையது. அதைக் கேட்பதால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

நீங்கள் சுற்றிவரும் மலையின் அடிவாரத்திலேயே இதற்கு ஆள் இருந்தார். கோவணம் கட்டிய ரமண மகரிஷிதான். 1924இல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றவர். அவர்கள் கையால் அடியும் வாங்கினார். அதே மனிதர், ஆசிரமம் யாருக்கு என்று 1930களில் வழக்கு வந்தபோது வாக்குமூலம் கொடுக்க மறுக்கவில்லை. 1938இல் நிர்வாகம் தன் தம்பி வசம் இருக்கும்படி உயிலும் எழுதிவைத்தார். உங்கள் அப்பா எழுதாத உயிலை ஒரு துறவி எழுதியிருக்கிறார், பாருங்கள்!

ஆகவே வீட்டைப் பற்றி நீங்கள் எந்த முடிவும் எடுக்கலாம். நடக்கும்போது போடுகிற சண்டைதான் உங்களைத் தின்கிறது. தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். அவன் பதிலையும் நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு ஒரு மறுபதில். நடுவில் தம்பி மனைவி வேறு வந்து பேசுவாள். கிரிவலப் பாதையில் எமலிங்கத்தில் ஆரம்பித்தது குபேரலிங்கம் வரை இழுக்கும், இல்லையா?

சிவப்பிரகாசம் பிள்ளை என்ற பக்தரின் கேள்விகளுக்கு ரமணர் 1902 வாக்கில் எழுதிக்காட்டிய பதில்களிலிருந்து வந்ததுதான் ‘நான் யார்?’ என்ற சிறு நூல். எழுகிற எண்ணத்தைப் பூர்த்தி பண்ண முயலாமல், இது யாருக்கு வந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார் அதில். அந்த விசாரணை பிடிபட நாளாகும். பூர்த்தி பண்ணாமல் இருப்பதை மட்டும் இப்போதே தொடங்கிவிடலாம். ‘ஏண்டா, நான் உனக்கு என்னடா குறை வைத்தேன்’ என்ற முதல் வாக்கியம் தானாக வரும். அதைத் தடுக்க வேண்டாம், தடுக்கவும் முடியாது. அவன் பதிலை மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள். பாதியில் விட்டுவிட்டு, காலில் குத்துகிற தார்ச்சாலையைக் கவனியுங்கள். நூறு தடவை வந்தாலும் நூறு தடவையும் பாதியில் விடுங்கள். கோபமே வராத பௌர்ணமி ஒன்று வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

ஆனால் ஒன்று. முடிவெடுக்காத விஷயத்தை மனம் மென்றுகொண்டேதான் இருக்கும். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசவும் வழியிருக்கிறது. எல்லாம் கேட்டறிந்த பிறகும் வீட்டைத் தம்பிக்கே கொடுக்கத் தோன்றினால், தாராளமாகக் கொடுங்கள். கொடுத்த பின், தீபாவளிக்குச் சீர் வரவில்லையே என்று கணக்குப் பார்க்கக் கூடாது. அது முடியாதென்றால் கொடுக்காதீர்கள். பங்கு கேட்பதென்றால் தம்பியிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், சொந்தக்காரர்கள் வாய் வழியாகப் போக வேண்டாம். அதுவரை எந்தப் பத்திரத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.