நுழைவுச் சமிக்ஞையை வெட்டிய பிறகும் ஜிஎஃப்பி ஏன் உட்கருவில் ஒளிர்கிறது?

வணக்கம். புரதத்தை உட்கருவுக்குள் கொண்டுசெல்லும் நுழைவுச் சமிக்ஞையை நீக்கிய 9 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) புரதத் துண்டை, பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியோடு இணைத்து, எம்ஆர்என்ஏவாக ஜீப்ரா மீன் கருவில் செலுத்தியும் உட்கரு பச்சையாகவே இருக்கிறது என்கிறீர்கள். சமிக்ஞை இன்னும் மிச்சமிருக்கிறது என்று முடிவுகட்டும் முன் எடையைக் கூட்டிப் பாருங்கள். ஜிஎஃப்பி 27, உங்கள் துண்டு 9, மொத்தம் 36. சுமார் 40 கிலோடால்டனுக்குக் குறைவான புரதம் இம்போர்ட்டின் என்ற கடத்துப் புரதத்தின் துணையின்றியே உட்கருத் துளை வழியாகப் பரவிவிடும்.

மூன்று ஜிஎஃப்பியைத் தொடராக இணையுங்கள். துண்டோடு சேர்த்து எடை 90 ஆகும், எளிதில் நுழையாது. பிறகு ஜிஎஃப்பி எதிர்ப்பொருள் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) கட்டாயம் செய்யுங்கள். 27-இல் பட்டை தெரிந்தால் புரதம் உடைந்திருக்கிறது, உள்ளே ஒளிர்வது வெறும் ஜிஎஃப்பிதான். பலர் விட்டுவிடும் சோதனை இது.

ஒப்பீட்டுக்கு, அதே மூன்று ஜிஎஃப்பியில் எஸ்வி40 வைரஸின் நுழைவுச் சமிக்ஞையான பிகேகேகேஆர்கேவி வரிசையை (ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம்) சேர்த்தது ஒன்று, அதன் மூன்றாம் எழுத்தான லைசினை த்ரியோனினாக மாற்றியது இன்னொன்று. முன்னது உட்கருவில் குவிய வேண்டும், பின்னது வெளியே நிற்க வேண்டும்.

படமெடுக்கும் நேரமும் முக்கியம். முதல் 3 மணி நேரம் செல்கள் ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் உட்கருச் சவ்வு கலைந்து எல்லாம் ஒன்றாகிவிடும். 28.5 டிகிரியில் 4 மணி நேரம் வளர்ந்த பிறகு, உயிருள்ள கருவிலேயே பாருங்கள். குரோமோசோமோடு சேர்ந்து சிவப்பாக ஒளிரும் எச்2பி-எம்செர்ரியும் செலுத்தினால் உட்கருவின் எல்லை தெரியும். குரோமோசோம் சுருண்டிருக்கும், அதாவது பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.