தீம் பார்க் பயணம்: திருகோணமலையிலிருந்து வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

உவர்மலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மூத்தவனுக்கு 16 வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். மகளுக்கு 13. அவருடைய தம்பியின் மகளும் சேர்ந்து வருகிறாள், அவளுக்கு 14. ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்புப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போயே ஆகவேண்டும் என்று மூவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். அவர் கேட்பது மூன்று விஷயம். விடியப்புறம் 2 மணிக்கு வானில் புறப்பட்டு அன்றிரவே திரும்பிவிடலாமா? பெரிய பிள்ளைகள்தானே, உள்ளே தனியே விடலாமா? 70 வயது அம்மம்மாவையும் கூட்டிப்போகலாமா?

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏ6 வீதியில் ஓடினால் ஆறு மணித்தியாலம் எப்படியும் போய்விடும். 2022 ஜனவரியில் குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையே மத்திய அதிவேகப் பாதை திறந்தபிறகு அந்தத் துண்டு மட்டும் சுகம். மற்றபடி வீதி அதே வீதிதான். போக ஆறு, வர ஆறு, நடுவில் ஏழெட்டு மணித்தியாலம் வெயிலிலும் தண்ணீரிலும். பிள்ளைகள் வானில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். சாரதியால் முடியுமா? விடியப்புறம் 2 மணியிலிருந்து 5 மணி வரைதான் மனித உடம்பைத் தூக்கம் ஆகக் கூடுதலாக அமுக்கும் நேரம். அந்த நேரத்தில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இரவு திரும்பும்போது அதே மனிதர், அதே வான், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் காட்டு வீதி. அங்கே இருட்டில் யானை குறுக்கே நிற்பதை நம் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே முதல் நாள் பகலில் ஆறுதலாகப் போங்கள். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீடாவது இல்லாத திருகோணமலைக் குடும்பம் குறைவு. அங்கே இரவு தங்கி, காலையில் பார்க்குக்குப் போய், இன்னொரு இரவும் அங்கேயே தூங்கி, மறுநாள் காலைச் சாப்பாட்டோடு கிளம்பினால் பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே கந்தளாயைத் தாண்டிவிடலாம். ஹங்வெல்லப் பக்கத்தில் இருக்கும் லெஷர் வேர்ல்டுக்குத்தான் போவது என்றால் கொழும்புக்குள் நுழையாமலே வரக்காபொலையில் திரும்பி ருவான்வெல்லை, அவிசாவளை வழியாகவும் போகலாம். அப்படிச் செய்தால் அவிசாவளைப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுப்பது வசதி. பண்டாரகமவில் உள்ள பேர்ல் பே (Pearl Bay) பார்க்குக்கு வெள்ளவத்தையிலிருந்து போவதுதான் லேசு. அங்கே தண்ணீர்ப் பூங்காவோடு கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தயக் கார் ஓடுபாதையும் இருப்பதால் உங்கள் மூத்தவனின் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று ஊகிக்கலாம். எதுவென்றாலும் மூவரையும் உட்கார்த்தி அவர்களையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். டிக்கெட் விலை என்ன, கோ-கார்ட்டுக்கு வேறு காசா, வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாமா, சவாரி செய்யாதவருக்கும் முழு டிக்கெட்டா என்பதையெல்லாம் போன் எடுத்துக் கேட்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள். தாங்களே விசாரித்து ஒழுங்குசெய்த நாளில் இந்த வயதுப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவது மிகக் குறைவு.

இனி நான் உங்களைக் கட்டாயம் நிறுத்திச் சொல்லவேண்டிய விஷயம், தண்ணீர்.

நம் பிள்ளைகள் கடலோடு வளர்ந்தவர்கள். உப்புவெளியிலும் மாபிள் பீச்சிலும் குளித்தே பெரியவர்களானவர்கள். "எங்களுக்கு நீந்தத் தெரியும்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அதில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதனால் அது நல்ல தண்ணீரைவிட இரண்டரை வீதமளவு அடர்த்தி கூடியது. சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மனித உடம்பு மிதப்பதும் தாழ்வதும் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் தீர்மானமாகிறது. கடலில் மல்லாந்து படுத்தால் தானாகவே மிதக்கிற பிள்ளை, குளத்துத் தண்ணீரில் அதே மாதிரிப் படுத்தால் முதலில் கால் இறங்கும், பிறகு இடுப்பு இறங்கும். கையைக் காலை அடிக்காமல் நிற்க முடியாது. களைத்துப்போன நேரத்தில் இது தெரியவந்தால் பதறிவிடுவார்கள். அலைக்குளத்தில் இன்னும் கவனம். கடலலை வருவதைத் தூரத்திலேயே காணலாம். இங்கே மெஷின் ஓடத் தொடங்கினால் நெரிசலுக்கு நடுவில் தொடர்ந்து அலை வரும், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை முகத்தில் படும். போன உடனே மூவரையும் மார்பளவு தண்ணீரில் இறக்கி, கால் ஊன்றாமல் இரண்டு நிமிஷம் ஒரே இடத்தில் மிதந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். முடியாதவருக்கு மிதவைச் சட்டை. வெட்கம் பார்க்க வேண்டாம்.

மூழ்குகிற பிள்ளை சத்தம் போடுவதில்லை, கை அசைத்துக் கூப்பிடுவதுமில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், ஏணியில் ஏறுகிற மாதிரிக் கைகள் தண்ணீரை அமுக்கும், அவ்வளவுதான். ஆகவே அலைக்குளத்தில் இருக்கும் நேரம் முழுக்க நீங்களோ உங்கள் கணவரோ ஒருவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாறுங்கள், அதற்குமேல் யாராலும் கூர்ந்து பார்க்க முடியாது. உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் நூறு தலையைப் பார்க்கவேண்டும்.

உடுப்பு விஷயம் கடைசி நேரத்தில் சண்டையாவதைக் கண்டிருக்கிறேன். தண்ணீர்ப் பூங்காக்களில் பொதுவாகப் பருத்தி உடுப்பு, ஜீன்ஸ், பொத்தானும் சிப்பும் உள்ளவை விடமாட்டார்கள். பருத்தி ஊறிப் பாரமாகி நீந்துகிறவரை இழுக்கும், நூல் வடிகட்டியை அடைக்கும், உலோகம் சறுக்கைக் கீறும். பெண் பிள்ளைகளுக்கு முழுக்கையும் நீளக் காற்சட்டையும் உள்ள லைக்ரா நீச்சலுடை வாங்கிவிடுங்கள். வெயிலுக்கும் அது நல்லது. அங்கே வாசலில் வாடகைக்கு எடுக்கிற உடுப்பில் 13 வயதுப் பிள்ளை கூச்சப்பட்டு நாள் முழுக்கக் கரையில் குந்தியிருக்கக்கூடும். மாதவிடாய் நாட்கள் வருமா என்று இரண்டு பெண் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே, தனியாக, சாதாரணமாகக் கேட்டுவைத்துத் திகதி போடுங்கள்.

சவாரிகளில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் அளப்பார்கள். பிடித்துவைக்கும் கம்பியும் பட்டியும் உடம்பின் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. பெரிய சவாரிகளுக்கு வழக்கமாக 120 அல்லது 140 சென்ரிமீற்றர் கேட்பார்கள். உங்கள் மூவரில் கட்டையானவரை வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிட்டால் அங்கே ஏமாற்றம் இல்லை. பயந்த பிள்ளை ஒன்று எந்தக் கூட்டத்திலும் இருக்கும். அந்தப் பிள்ளையைக் கேலி செய்ய மற்றவர்களை விடாதீர்கள். ஒரு சுற்று முழுக்க வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சவாரி இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று கண்ணால் கண்டாலே பாதிப் பயம் போய்விடும். ஆடுகிற கப்பலில் நடு ஆசனம் ஆக மெதுவானது, இரண்டு முனைகளும்தான் உயர எறிபவை. ரோலர் கோஸ்டரில் கடைசிப் பெட்டி இறக்கத்தில் வெடுக்கென்று இழுபடும், முன்பெட்டி அந்தளவு இழுக்காது. உங்கள் 16 வயதுக்காரன் கடைசிப் பெட்டிக்கு ஓடட்டும், பயந்தவள் நடுவில் இருக்கட்டும், எல்லாரும் ஒரே சவாரியில் போய்வரலாம். சுழலுகிறவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடாதீர்கள். கண் சொல்வதும் காதின் உள்ளே அசைவை உணரும் பகுதி சொல்வதும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது, வயிறு நிறைந்திருந்தால் இன்னும் மோசம். வானில் வாந்தி வருகிற பிள்ளைக்குக் குளிசை கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதைப் பயண நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான குளிசைகள் தூக்கம் தருபவை, அந்த மயக்கத்தோடு தண்ணீரில் இறங்கக்கூடாது.

தனியே விடலாமா என்ற கேள்விக்கு: விடலாம், விடத்தான் வேண்டும், தண்ணீர் தவிர. பின்னாலேயே திரிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் நாளாகிவிடும். மூவரும் சேர்ந்துதான் போகவேண்டும், ஒருவரைத் தனியே விட்டுவிட்டு இருவர் போகக்கூடாது என்று ஒரே ஒரு கட்டளை போடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் குறித்த ஓர் இடத்தில் முகம் காட்டவேண்டும். அந்த இடத்தை உள்ளே போனதும் எல்லாரும் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். போனை நம்பாதீர்கள், அது பெட்டகத்தில் பூட்டியிருக்கும் அல்லது சார்ஜ் செத்திருக்கும். மணிக்கூடு கட்டிய ஒருவர் போதும். ஒவ்வொருவர் கையிலும் ஒரே அளவு காசு கொடுங்கள், மருமகளுக்கும் அதே அளவு. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மூத்தவனை நாள் முழுக்கத் தங்கச்சிக்கும் மச்சாளுக்கும் காவல்காரனாக்கிவிடாதீர்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் பெண் பிள்ளைகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவனைத் தகப்பனோடு கோ-கார்ட்டுக்கு அனுப்புங்கள். பரீட்சை முடித்த பிள்ளை, அவனுக்கும் ஒரு நாள் வேண்டும்.

ஓகஸ்டில் மேற்குப் பக்கம் தென்மேல் பருவமழை முற்றாக ஓய்ந்திராது. மழை தூறினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வாசல் திறக்கும்போதே நில்லுங்கள், பிள்ளைகள் ஆக விரும்புவதை முதல் இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள். இடி கேட்டால் தண்ணீரை விட்டு ஏறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்துத்தான் மறுபடி இறங்கவேண்டும். சனி ஞாயிறும் போயா நாளும் தவிருங்கள்.

அம்மம்மாவைக் கொழும்பு வரை கூட்டிப்போங்கள், பார்க்குக்கு வேண்டாம். எட்டு மணித்தியாலம் வெயிலில் ஒரு வாங்கில் பைகளுக்குக் காவல் இருக்க அவரை அழைத்துப்போவது சரியில்லை. வெள்ளவத்தையில் சொந்தங்களோடு இருந்து பேசட்டும், கோயிலுக்குப் போய்வரட்டும்.

இரண்டு இரவுச் செலவு தாங்காது என்றால் ஒரே நாள் திட்டத்துக்கு இறங்காமல் நிலாவெளிக்குப் போங்கள். ஓகஸ்டில் நம் பக்கத்துக் கடல் அமைதி. 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்குக் காலையிலேயே படகு எடுத்து, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குனிந்தால், ஆழமில்லாத தண்ணீரில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் போவதை அந்த மூவரும் காணலாம். அவை மனிதரைக் கண்டால் விலகிப்போகிறவை. பவளப்பாறையில் மட்டும் கால் வைக்கக்கூடாது என்று படகில் ஏறுமுன்னே சொல்லிவிடுங்கள்.