பானைக்குள் போகாத ஓலைகள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் குடவோலை முறையை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஊர் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த சோழர் கால முறை) பானையும் சீட்டும் வைத்து நடத்திக் காட்டினேன். பிள்ளைகளுக்கு உற்சாகம். ஆனால் தேர்வில் "குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள், அது மக்களாட்சி" என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டார்கள். எங்கே தவறினேன்?

பதில்: பானையிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (921), குடத்துக்கு வருமுன் யார் பெயரை எழுதலாம் என்பதை விரிவாகச் சொல்கிறது. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. கடந்த 3 ஆண்டுக்குள் வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழு) இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் இல்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை! இந்தக் கடைசி விதியை வகுப்பில் உரக்கப் படியுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

40 பேர் வகுப்பென்றால் 40 அட்டைகள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வயது, நிலம், வீடு, கல்வி, முன்பு வகித்த பொறுப்பு, கணக்குக் காட்டினாரா என்பவை இருக்கட்டும். பெண்கள், நிலமற்ற உழவர், குயவர், தச்சர் ஆகியோருக்கும் அட்டை வேண்டும். 15 அட்டைகள் மட்டும் தேறும்படி அமையுங்கள். 5 குடும்புகளாக (ஊரின் பகுதிகள்) பிரித்தால் குடும்புக்கு 3 பெயர் தேறும் (உத்திரமேரூரில் 30 குடும்புகள்). பிள்ளைகளின் சொந்த வீட்டு நிலத்தையோ சாதியையோ ஒருபோதும் கேட்காதீர்கள். அட்டை தருவதே அதற்காகத்தான்.

40 நிமிடப் பாடவேளையில் இந்த வடிகட்டலுக்கே 15 நிமிடம் போகட்டும். தேறாத 25 பேரும் எழுந்து நின்று, எந்த விதியால் விலக்கப்பட்டோம் என்று சொல்லட்டும்.

குலுக்கலில் பலரும் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் ஒரே பானையில் கொட்டக் கூடாது. குடும்பு வாரியாகக் கட்டி, கட்டுகளைக் குடத்தில் இட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு வெற்றுக் குடத்தில் அவிழ்த்துக் குலுக்கி, ஓர் ஓலை எடுக்க வேண்டும். மத்தியஸ்தர் (நடுவர்) ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிப்பார். ஏன் விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஓலையை மறைத்து மாற்ற முடியாது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அதன் பிறகே "இது மக்களாட்சியா?" என்று கேளுங்கள். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். நிலமுள்ள பிராமண ஆடவரின் சபை அது. சோழ நாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், வணிகரிடையே 'நகரம்' என்ற அவையும் இருந்தன.

கேள்வி: கலிங்கப் போர் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 261, ராஜராஜன் பதவியேற்பு 985. இடைவெளி கேட்டால் பாதிப் பேர் 724 என்கிறார்கள்.

பதில்: கழித்துவிடுகிறார்கள். 3 மீட்டர் கயிற்றில் நூறு ஆண்டுக்கு 10 செ.மீ. வீதம் குறியிடுங்கள். பொது ஆண்டு தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. இடப்பக்கம் 6 கட்டம், வலப்பக்கம் 20. முடிச்சின் இருபுறமும் நடந்து பார்த்தவர்கள் கூட்டத்தான் செய்வார்கள். 0ஆம் ஆண்டு கிடையாது என்பதால் 261 + 985 - 1 = 1245. அதே கயிற்றில் 921ஐத் தொடச் சொல்லுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு என்று எழுதியவர்களின் விரல் பத்தாவது கட்டத்தில் நிற்கும்.