ஏரோபாரை கழட்டிட்டு வாங்க தம்பி

கேள்வி: அண்ணா, நாலு வருஷமா ஈசிஆர்ல ரோடு பைக் ஓட்டறேன், சின்ன சின்ன ரேஸ்லாம் போவேன். போன வருஷம் ஃபுல்லா டிரையத்லான்னு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் அடுத்தடுத்து) இறங்கிட்டேன், கோவா 70.3 முடிச்சேன் (அயர்ன்மேன்ங்கற முழு நீள டிரையத்லான்ல பாதி தூரம்), பைக் 90 கிமீ 2 மணி 50 நிமிஷம். இப்போ திரும்ப ரோடு ரேஸுக்கு வந்திருக்கேன். 20 நிமிஷம் முழு பலத்தோட மிதிச்சு சக்தியை அளக்கற டெஸ்ட்ல பழசை விட 10 வாட்ஸ் ஜாஸ்திதான் வருது, ஆனா போன மாசம் ஒரு 60 கிமீ ரேஸ்ல ரெண்டாவது யூ-டர்ன்லயே குரூப்பை விட்டு ட்ராப் ஆயிட்டேன். என்னை விட வாட்ஸ் கம்மியான பசங்கல்லாம் குரூப்போட ஜாலியா போறாங்க. எங்க தப்பு பண்றேன்?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகல. போனது கஞ்சத்தனம். ரோடு ரேஸ்ங்கறது கஞ்சனுங்க விளையாட்டு, யாரு கம்மியா செலவு பண்ணி கடைசி 1 கிமீ வரைக்கும் வர்றானோ அவன் கையிலதான் காசு இருக்கும். நீங்க போன மாதிரி டிரையத்லான்ல நேர் எதிர், அங்க யாரு பின்னாடியும் ஒட்டிக்க முடியாது, முன்னாடி போறவனுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி விடணும், அதுக்குள்ள நுழைஞ்சா 25 செகண்டுக்குள்ள ஓவர்டேக் பண்ணணும், இல்லன்னா 5 நிமிஷம் பெனால்டி. ஒரு வருஷம் அப்படியே ஓட்டி ஓட்டி, முன்னாடி ஒரு வீல் தெரிஞ்சாலே தள்ளிப்போற பழக்கம் உங்க கால்ல ஊறிப்போச்சு. ஒருத்தர் பின்னாடி நல்லா ஒட்டி போனா 30 சதவீதம் வரைக்கும் சக்தி மிச்சம், அதை விட்டுட்டு 10 வாட்ஸ் ஏறிச்சுன்னு சந்தோஷப்பட்டு என்ன பிரயோஜனம்?

எனக்கும் இது நடந்திருக்கு. டிரையத்லான் சீசன் முடிச்ச கையோட ஒரு லோக்கல் ரேஸ், கோவளம் தாண்டினதும் ஸ்பீட் கம்மியா இருக்கேன்னு நானே முன்னாடி போயிட்டேன், கையை ட்ராப்ஸ்ல (ஹேண்டிலோட கீழ் வளைவுல) வெச்சு தலையை குனிஞ்சு சும்மா ஒரே சீரா 25 கிமீ இழுத்தேன், மனசுக்குள்ள ஒரே பெருமை, பாரு ஒருத்தனுக்கும் என்னை தாண்ட தைரியம் வரலன்னு. கடைசி 400 மீட்டர்ல வரிசையா பதினஞ்சு பேர் தாண்டிப் போனாங்க. முடிச்சு தண்ணி குடிச்சுட்டு நிக்கறப்போ ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒரு சார் வந்து தோள்ல தட்டி "நல்லா இழுத்தீங்க தம்பி, ரொம்ப தாங்க்ஸ்"னு சொன்னாரு. அவரு கிண்டல் பண்ணல, நிஜமாவே நன்றி சொன்னாரு, அதான் இன்னும் வலிக்குது.

சரி உங்க யூ-டர்னுக்கு வருவோம், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. முன்னாடி போற அஞ்சாறு பேர் யூ-டர்ன்ல லேசா பிரேக் போட்டு அகலமா எடுத்து ஒரு 20 கிமீ வேகத்துல திரும்பி, மெதுவா ஏத்திட்டு போவாங்க. இருபத்தஞ்சாவது ஆளா நிக்கற நீங்க? உங்க முன்னாடி எல்லாரும் பிரேக் போட, நீங்க அதுக்கு மேல பிரேக் போட, கிட்டத்தட்ட நின்னே போயிடுவீங்க. நீங்க திரும்பறதுக்குள்ள முன்னாடி இருக்கறவன் 40ஐ தொட்டுட்டான். ரப்பர் பேண்டை இழுத்த மாதிரி குரூப் நீளும், அந்த கேப்பை மூட நீங்க பத்து பதினஞ்சு செகண்ட் முழு பலத்தோட ஸ்ப்ரிண்ட் அடிக்கணும். ஒரே யூ-டர்ன், முன்னாடி இருக்கறவனுக்கு சில்லறை செலவு, உங்களுக்கு மாச சம்பளம். டிரையத்லான் ட்ரெயினிங்ல இந்த மாதிரி திடீர் செலவே கிடையாது, சீரா 200 வாட்ஸ்னா மூணு மணி நேரமும் 200 வாட்ஸ், ஏன்னா இறங்கி 21 கிமீ ஓடணுமே. அதனால 20 நிமிஷ டெஸ்ட் நல்லா வரும், 15 செகண்ட் பவர் செத்துப்போயிருக்கும். டெஸ்ட் பண்ணி பாருங்க, நான் சொல்றது சரியா இருக்கும்.

அதனால முதல் வேலை, யூ-டர்னுக்கு ஒரு கிமீ முன்னாடியே முதல் பத்து பேருக்குள்ள வந்துடுங்க. ரெண்டாவது, வாரத்துல ஒரு நாள் (எனக்கு செவ்வாய்) 40 செகண்ட் ஹார்ட் 20 செகண்ட் ஈஸி, பத்து தடவை, நடுவுல நல்லா அஞ்சாறு நிமிஷம் ரெஸ்ட், திரும்ப ஒரு செட். இன்னொரு நாள் காலி ரோடா பாத்து, 15 கிமீ வேகத்துக்கு இறங்கி நடு கியர்ல எழுந்து நின்னு 12 செகண்ட் மிதிங்க, அப்படி எட்டு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாலு நிமிஷம் சும்மா உருட்டுங்க. அந்த நாலு நிமிஷத்தை குறைக்காதீங்க, டிரையத்லான் ஆளுங்களுக்கு சும்மா உருட்டறதுன்னாலே குற்ற உணர்ச்சி வந்துடும், எனக்கு தெரியும். ஆறு எட்டு வாரத்துல வித்தியாசம் தெரியும். ஞாயித்துக்கிழமை லாங் ரைடு அப்படியே இருக்கட்டும், அதுதான் போன வருஷம் நீங்க சேத்து வெச்ச சொத்து.

ஆனா ட்ரெயினிங்கை விட முக்கியம் சனிக்கிழமை குரூப் ரைடு. அங்க இழுக்க போகாதீங்க, ஒளிஞ்சு ஓட்ட கத்துக்க போங்க. முன் வீலையே முறைச்சு பாக்காதீங்க, முன்னாடி இருக்கறவரோட இடுப்பையும் அவரைத் தாண்டி ரெண்டு மூணு பேரையும் பாருங்க. உங்க முன் வீல் அவரோட பின் வீலுக்கு பக்கத்துல ஏறி நிக்கக்கூடாது, அவரு லேசா நகர்ந்தாலும் விழறது நீங்கதான். முட்டுக்காடு பாலத்துல காத்து பக்கவாட்டுல அடிக்கும்ல, அப்போ காத்து படாத நிழல் நேர் பின்னாடி இருக்காது, கொஞ்சம் சாய்ஞ்சு காத்து போற பக்கமா இருக்கும். கண்ணுக்கு தெரியாது, சத்தத்துல தெரியும், காதுல இரைச்சல் குறையுற இடம்தான் உங்க இடம்.

பெரிய ஆளுங்களுக்கும் இதே கதைதான். கேமரூன் வுர்ஃப்னு ஒரு ஆஸ்திரேலியர், 2018ல ஹவாய்ல நடந்த கோனா அயர்ன்மேன்ல 180 கிமீ பைக்கை 4 மணி 9 நிமிஷத்துல முடிச்சு கோர்ஸ் ரெக்கார்ட் வெச்சவரு, அதுக்கு முன்னாடியே புரோ சைக்கிளிஸ்ட்தான். 2020ல இனியோஸ்ங்கற புரோ சைக்கிள் டீம் அவரை திரும்ப ரோடுக்கு கூப்பிட்டுச்சு. எதுக்கு? ஜெயிக்கறதுக்கு இல்ல, பெரும்பாலும் முன்னாடி நின்னு டீமுக்காக இழுக்கறதுக்கு. அவருக்கு அதுக்கு சம்பளம் குடுத்தாங்க, நீங்களும் நானும் ஓசியில செஞ்சிருக்கோம்.

பைக்கையும் ஒரு தடவை பாருங்க. நீங்க ரோடு பைக்லயே கிளிப்-ஆன் (ஹேண்டில்ல தனியா மாட்டற, முழங்கையை சாய்ச்சு ஓட்டற ஏரோபார்) மாட்டி சீட்டை முன்னாடி தள்ளியிருப்பீங்க, நம்ம ஊர்ல முக்காவாசி பேர் அதான் பண்றோம். கிளிப்-ஆனை கழட்டிட்டு சீட்டை பழைய இடத்துக்கே கொண்டு போங்க, ஆனா ஒரே நாள்ல லாங் ரைடு போகாதீங்க, தொடை பின்பக்கமும் இடுப்பும் ரெண்டு வாரம் முனகும். ரோடு ரேஸ்ல ஏரோபார் ரூல்படியே கிடையாது, முழங்கையை ஹேண்டில் மேல சாய்ச்சு ஓட்டறதையும் உலக சைக்கிளிங் சங்கமான யூசிஐ 2021லயே தடை பண்ணிடுச்சு. குரூப் ரைடுக்கும் தயவு செஞ்சு மாட்டிட்டு வராதீங்க, கை அங்க இருந்தா பிரேக் இங்க இருக்கும். சீட்டுக்கு பின்னாடி மாட்டற பாட்டில் கூண்டும் வேணாம், ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல பாட்டில் எகிறி விழுந்தா பின்னாடி வர்றவங்க கதி என்ன?

சாப்பாடு மட்டும் டிரையத்லான்ல கத்துக்கிட்டதை விடாதீங்க, பாதி ரோடு ரேஸ் ஆளுங்க சாப்பிடாமயே ஓட்டி கடைசியில படுக்கறாங்க. என்ன, அங்க வாட்ச் பீப் அடிச்சா சாப்பிடுவீங்க, இங்க குரூப் அசந்த நேரமா பாத்து சாப்பிடணும். கடலை மிட்டாயை முன்னாடியே உடைச்சு பேப்பரை பிரிச்சு பாக்கெட்ல போட்டுக்கோங்க, ஒத்தை கையில பேப்பர் பிரிச்சுட்டு நடுவுல ஆடாதீங்க.

கேள்வி: அண்ணா, ரோடு ரேஸுக்கு திரும்பிட்டா ஓட்டத்தையும் நீச்சலையும் மொத்தமா நிறுத்திடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீச்சல் உங்க இஷ்டம்மா, பிடிச்சா போங்க. ஓட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் மெதுவா ஓடினா போதும். சைக்கிள்ல எலும்பு மேல பாரம் விழறதே இல்ல, வருஷக்கணக்கா சைக்கிள் மட்டுமே ஓட்டறவங்களுக்கு எலும்பு அடர்த்தி குறையறது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா ஸ்ப்ரிண்ட் போடப்போற நாளுக்கு முந்தின நாள் ஓடாதீங்க, காலு கல்லு மாதிரி இருக்கும். வெயிட் எடுக்கற பழக்கம் இருந்தா அதையும் விடாதீங்க.

கேள்வி: ஏலகிரி ஏற்றத்துல யார் பின்னாடியாவது ஒட்டிக்கிட்டு போனா லாபம் உண்டா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: மெதுவா ஏறுறப்போ காத்தோட எதிர்ப்பு கம்மி, அதனால லாபமும் கம்மி. அங்க டிரையத்லான் ஆளுங்க ராஜா, சீரா மிதிச்சுட்டே போயிடுவாங்க. 14 கொண்டை ஊசி வளைவுலயும் உள்பக்கம் செங்குத்தா இருக்கும், கொஞ்சம் வெளியே எடுத்தீங்கன்னா மூச்சு மிஞ்சும். வளைவுக்கெல்லாம் தமிழ்ப் புலவர்கள், மன்னர்கள் பேரு வெச்சிருக்காங்க, போர்டை படிக்க முடிஞ்சா நீங்க இன்னும் ஹார்டா போகலன்னு அர்த்தம்.

கேள்வி: ரோடு ரேஸ்னா கால்ல ஷேவ் பண்ணியே ஆகணுமா அண்ணா?
– வாசகர், மதுரை

பதில்: வேணாம். ஆனா கீழ விழுந்து சிராய்ச்சு, பிளாஸ்டரை முடியோட பிச்சு எடுக்கற அன்னிக்கு நீங்களே பிளேடு தேடுவீங்க.