மைக் வாங்கும் முன் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்

வீட்டிலேயே பாடி, வாசித்து, பதிவு செய்து, நண்பர்களோடு சேர்ந்து பாட்டு உருவாக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: எனக்கு வங்கி வேலை, மாலையில் புல்லாங்குழல். இதுவரை கைப்பேசியில்தான் பதிவு செய்தேன். இப்போது 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மைக், ஸ்டாண்ட், வலை, சுவரில் ஒட்டும் ஃபோம் எல்லாம் சேர்ந்த 'ஸ்டுடியோ செட்' ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தச் செட்டில் பாதி உங்களுக்குப் பயன்படாது. மீதிப் பாதி உங்களுக்குத் தேவையான தரத்தில் இருக்காது.

மைக்குக்கு முன்னால் நிற்கும் வலை, பாடுகிறவர் 'ப' என்று உச்சரிக்கும்போது வாயிலிருந்து பாயும் காற்று மைக்கில் மோதாமல் இருப்பதற்கானது. குழலுக்கு அது அவ்வளவாக உதவாது. வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளைக்கு நேரே மைக்கை வைக்காமல், ஓரடி, ஒன்றரை அடி தள்ளிச் சற்று உயரத்தில் விரல் துளைகளைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். ஊதும் காற்றின் சீற்றம் பெருமளவு குறைந்துவிடும். செலவும் இல்லை.

ஃபோம் பற்றித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அது வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கும் பொருளே அல்ல. அறைக்குள் எழும் எதிரொலியை ஓரளவு உறிஞ்சும், அவ்வளவுதான். அதிலும் மெல்லிய ஃபோம் மேல்ஸ்தாயி ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டுக் கீழே இருப்பதைத் தொடாது. தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரன் பழையபடியே பதிவில் இருக்கும். முட்டை அட்டையை ஒட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, எதுவும் வாசிக்காமல் ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஃபிரிட்ஜின் முனகல், பக்கத்து வீட்டு மோட்டார், கடிகாரத்தின் முள் என்று நாம் சாதாரணமாகக் கவனிக்காத எல்லாம் வரிசையாக வரும். பிறகு அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பின்னும் தகரம் அதிர்வதுபோல ஓர் ஒலி இழுத்தால், எத்தனை விலையுயர்ந்த மைக் வாங்கினாலும் அந்த இழுப்பும் கூடவே பதிவாகும். துணி நிறைந்த பீரோவின் கதவுகளைத் திறந்து வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரில் சாய்த்து வைத்து மறுபடியும் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

அறை அடங்கியதும் மைக் வாங்கலாம். கண்டென்சர் வகை நுட்பமாகக் கேட்கும். குழலின் கமகங்களைப் பிடிக்கும், குக்கர் விசிலையும் சேர்த்தே பிடிக்கும். அது ஒழுங்காக இயங்கப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். 'கணினியின் ஹெட்ஃபோன் துளையில் செருகினால் போதும்' என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டைனமிக் வகைக்கு 48 வோல்ட் வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வரும் சத்தத்தையும் அது குறைவாகவே வாங்கும். ஆனால் வாத்தியத்தை அருகில் வைத்து வாசிக்க வேண்டும், குழலுக்கு இது கொஞ்சம் சங்கடம். இரண்டில் எதை எடுத்தாலும், மைக்கைக் கணினியோடு இணைக்கும், 48 வோல்ட் தரக்கூடிய சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்று ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குப் பணம் தர வேண்டாம், ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அனுமதிக்கிறது. ஒதுக்கிய 25,000 முழுவதையும் முதல் மாதமே செலவழித்தாக வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

கேள்வி: நான் வீணை வாசிப்பேன். டொராண்டோவில் இருக்கும் தோழி அனுப்பிய வயலின் பதிவை என் பதிவோடு சேர்த்தால், அது சுருதி ஏறி, வேகமாகவும் ஓடுகிறது. புதிதாக வாங்கிய இன்டர்ஃபேஸ் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா? அதோடு, விலை கூடிய இணைய இணைப்பு எடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியுமா? (திருச்சி வாசகி)

பதில்: கருவியைத் திருப்ப வேண்டாம். தோழி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் அளவில் பதிவு செய்திருப்பார். உங்கள் மென்பொருள் 48,000 என்ற அளவில் திறந்திருக்கும். முன்னது சி.டி.க்களின் அளவு, பின்னது வீடியோக்காரர்களின் அளவு. மாற்றாமல் அப்படியே ஓடவிட்டால் ஒரு கட்டைச் சுருதியில் வாசித்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும். சரிபார்க்க எளிய வழி, நீளத்தைப் பாருங்கள்: அங்கே ஐந்து நிமிடம் ஓடும் பாட்டு உங்களிடம் ஏறத்தாழ 24 நொடி முன்னதாகவே முடிந்தால் இதுதான் காரணம். இருவரும் ஒரே அளவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கட்டை, காலப்பிரமாணம் இரண்டையும் பேசுவதுபோலத்தான்.

கோப்புகளை டபிள்யூஏவி (WAV) என்ற சுருக்காத வடிவில் அனுப்பச் சொல்லுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் மிகச் சிறிய மௌனம் ஒட்டிக்கொள்ளும். தாளத்தோடு பொருத்தும்போது அது உறுத்தும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் உள்ளபடியே வந்து சேரும்.

ஒரே நேரத்தில் வாசிக்கும் ஆசைக்காக இணைய இணைப்பில் பணம் போடாதீர்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். டொராண்டோ 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால். நேர்கோட்டில் கம்பி போட்டாலும் ஒரு வழிக்கே 65 மில்லிநொடி ஆகும். நிஜத்தில் இன்னும் கூடும். சேர்ந்திசைக்கு 25, 30 மில்லிநொடியைத் தாண்டினாலே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம் இழுபடத் தொடங்கும். எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டமும் இதை மாற்றாது. இணையம் வழியே சேர்ந்து வாசிக்க ஜாமுலஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் இருப்பவரோடு முயன்று பாருங்கள். டொராண்டோவுக்கு நீங்கள் இப்போது செய்வதுபோல ஒருவர் வாசித்து அனுப்ப, மற்றவர் அதன்மேல் வாசிப்பதே வழி.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இன்டர்ஃபேஸில் ஓர் உள்ளீடு வேலை செய்யவில்லை. 'பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்ப முடியாது' என்கிறார் விற்பனையாளர். (மதுரை வாசகர்)

பதில்: பிரிக்காமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு. அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை செல்லும்.

முதலில் நம் பக்கத்தைச் சரிபார்ப்போம். வேலை செய்யும் உள்ளீட்டின் கேபிளையும் மைக்கையும் கழற்றி, செத்துக் கிடக்கும் உள்ளீட்டில் மாட்டுங்கள். 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் பேசவில்லை என்றால் பழுது அதில்தான். இதைச் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக, கருவியின் வரிசை எண் தெரியும்படி எடுங்கள். அதை இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது அவர் கடமை. அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வாரண்டி வெறும் காகிதமாகிவிடும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பாட்டு நான் எழுதினேன், மெட்டு நண்பருடையது, மூன்றாமவர் தன் வீட்டில் பதிவு செய்தார். இப்போது அவர் தன் பெயரில் மட்டும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஒப்பந்தம் எதுவும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? அதோடு, பழைய பாடல்களை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா? (கோவை வாசகி)

பதில்: நீங்கள் காசு கொடுத்து அவரிடம் சேவை வாங்கவில்லையே, ஆணையம் இதை எடுக்காது. இது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும் விஷயம். அதன்படி சொல், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனிச் சொத்துகள். பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர் அவர் என்றால் ஒலிப்பதிவு அவருடையதாகலாம். சொற்கள் உங்களுடையவை. கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. வெளியிட அனுமதித்தீர்கள் என்று அவர் வாதாடலாம். உங்கள் பெயரை மறைக்க அது போதாது. முதல் வரைவு, தேதியோடு கூடிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, பெயரைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். அடுத்த பாட்டுக்கு ஒரு பக்கத் தாள் போதும்: யார் எதற்கு உரியவர், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு. காலத்தை எழுதாமல் உரிமை மாற்றினால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். நாட்டை எழுதாவிட்டால் இந்தியா மட்டும்.

பழைய பாடல்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாரதியார் பாடல்கள் பொதுவுடைமை, தாராளமாக மெட்டமைக்கலாம். தியாகராஜர் கிருதிகளுக்கும் தடையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் அவருடைய கிருதிகளுக்கு 2033 முடியும்வரை அனுமதி வேண்டும்.

கேள்வி: 3,000 ரூபாய் தந்தால் ஸ்பாட்டிஃபையில் என் பாட்டை 10,000 முறை கேட்கவைப்பதாக ஒருவர் சொல்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: கேட்கப்போவது மனிதர்கள் அல்ல, நிரல்கள். கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கையை நீக்கிவிடுவார்கள், பாட்டே போய்விடவும் கூடும். 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே உரிமைத்தொகை கிடையாது என்பதைக் காட்டித்தான் இவர்கள் பயமுறுத்துகிறார்கள். அந்த 1,000 நிஜக் காதுகளாக இருக்க வேண்டும். பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ரசீதையும் அவர் அனுப்பிய வாக்குறுதியின் ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு 1915ஐ அழையுங்கள்.