பாக்ஸிங்ல ஜெயிக்க அது ரத்தத்துலயே இருக்கணுமா, பையனுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

டெஸ்ட்டுக்கு வச்சிருக்க காசுக்கு அவனுக்கு நல்ல க்ளவுஸ் வாங்கிக் குடுங்க. பையனுக்குப் பத்து பன்னெண்டு வயசு இருக்கும்னு நெனச்சுதான் எழுதுதேன். கேள்வியப் பாத்ததும் எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு.

நான் பொறவியிலயே பீச்சாங்கைக்காரன். சோத்துல அந்தக் கைய வச்சா ஆச்சி அகப்பைக் காம்பாலயே போடுவா, "மூதேவி, அந்தக் கையாலயாலே திங்கே"ன்னு. ஒண்ணாப்பு டீச்சரும் அதே கதைதான், மூணாப்பு வரதுக்குள்ள சோறு எழுத்து எல்லாம் வலது கைக்கு மாறிட்டு. பதினாறு வயசுல பாளையங்கோட்டைல பாக்ஸிங் சேந்தப்போ மாஸ்டர் "எந்தக் கைலே?"ன்னு கேட்டாவ, யோசிக்காம வலதுன்னுட்டேன். ரெண்டு வருசம், காலைல அஞ்சு மணிக்கு வண்ணார்பேட்டைல ஓட்டம், 48 கிலோவுக்குள்ள நிக்கணும்னு முந்துன ராத்திரி புளிய வாயில அடக்கி எச்சி துப்பிக்கிட்டே கெடப்பேன் (உங்க பையன இதெல்லாம் பண்ண விடாதீங்க). செலக்‌ஷன்ல எனக்கு ஜோடி போட்டது தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், அவன் பீச்சாங்கை. மூணு ரவுண்டும் குத்து எங்கேருந்து வருதுன்னே தெரியல. நாம தெனமும் மோதிப் பழகுறது வலதுகைக்காரன்கூட, அவனும் அப்படித்தான், அதனால அவனுக்கு நம்மளத் தெரியும் நமக்கு அவனத் தெரியாது, அவ்வளவுதான் விசயம். 2019ல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல ஆயிரக்கணக்கான சண்டைக்காரங்க ரெக்கார்ட எடுத்துப் பாத்துருக்காங்க, ஊர்ல பத்துல ஒருத்தர்தான் பீச்சாங்கை, ரிங்குல அதவிட அதிகம், ஜெயிக்கதும் அதிகம்.

தோத்து வந்தா மாமா சொல்லுதாவ, "நம்ம பரம்பரைல சண்டை ரத்தம் கெடையாதுலே". எங்க ஊர்ல எந்த போஸ்டரப் பாத்தாலும் வீர வம்சம்தான், எல்லாரும் வீர வம்சம்னா அடி வாங்குறது யாருவே?

டாக்டருங்க சண்டைக்கு வராதீங்க, ஜீனே இல்லன்னு சொல்லல. உயரம், கை நீளம் எல்லாம் வீட்ல குடுத்ததுதான். ஏசிடிஎன்3ன்னு ஒரு ஜீன், வேகமா சுருங்குற தசைல ஒரு புரோட்டீனச் செய்யுது, உலகத்துல அஞ்சுல ஒருத்தருக்கு அந்தப் புரோட்டீனே கெடையாது, பெரிய குறுந்தூர ஓட்டக்காரங்கள்ல அப்படிப்பட்டவங்க ரொம்பக் கம்மின்னு 2003ல ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சாங்க. ஆனா அது ஒரே வீட்ல அண்ணனுக்கு இருக்கும் தம்பிக்கு இல்லாமப் போகும், வம்சம் எங்க வந்துச்சு? பாக்ஸிங் வெறும் வேகம் மட்டும் இல்ல, மூச்சு வேணும் கண்ணு வேணும் அடி வாங்கவும் தெரியணும். பிள்ளைங்கள்ல யாரு தேறுவான்னு கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவாதுன்னு 2015லயே நிபுணர்கள் கூடி எழுதி வச்சுட்டாங்க.

கேக்காததச் சொல்லுதேன், அந்த மேட்ச் சர்டிபிகேட்ல என் இனிஷியலத் தப்பாப் போட்டுட்டாவ, திருத்த எட்டு மாசம் அலைஞ்சேன், அதுக்குள்ள ஸ்போர்ட்ஸ் கோட்டா தேதியே போயிட்டு. தோத்தது கூட இவ்வளவு வலிக்கல.

பையன ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒண்ணும் சொல்லாம கல்லெறிய விடுங்க, எந்தக் கை போகுதுன்னு பாருங்க. நான் மாங்கா எறிஞ்சது கடைசிவரை பீச்சாங்கையாலதான், ஆச்சி அத மட்டும் பாக்கவேயில்ல.