யுகோஸ்லாவிய ராக் பாடல் வரிகள் உண்மையிலேயே கவிதைதானா?

கேள்வி இதுதான்: யுகோஸ்லாவியா என்ற நாடே இப்போது இல்லை. ஆனால் அந்த நாட்டு ராக் பாடல்களின் வரிகளைக் கவிதைத் தொகுப்பாக அச்சடிக்கிறார்கள், கவிஞர் என்றே பாடகர்களைச் சொல்கிறார்கள். வரிகள் அவ்வளவு உசத்தியா, இல்லை பழைய ஞாபகம் படுத்தும் பாடா?

பாதி ஞாபகம் படுத்தும் பாடுதான். மீதிப் பாதிக்காக இந்தப் பதில்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. வியன்னாவில் ஒரு சரக்குக் கிடங்கில் ஏழு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் அந்தப் பழைய நாட்டுக்காரர்கள். ஒருவர் பொஸ்னியாவின் தூஸ்லா, ஒருவர் செர்பியாவின் நோவி சாத், இரண்டு பேர் குரோவேஷியாவின் ஸாக்ரெப் பக்கம். இன்றைய கணக்கில் மூன்று நாட்டு பாஸ்போர்ட். சூப்பர்வைசரிடம் ஜெர்மன் பேசுவார்கள். தங்களுக்குள் பேசுவதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். செர்பியன் என்றால் ஒருவருக்கு ஆகாது, குரோவேஷியன் என்றால் இன்னொருவருக்கு ஆகாது. "நாஷ்கி" என்றார்கள். நம்ம பேச்சு என்று அர்த்தம். நான் அந்த நம்ம பேச்சைக் கற்றுக்கொண்டது முழுக்கப் பாட்டிலிருந்துதான்.

தூஸ்லாக்காரர்தான் என் வாத்தியார். அறுபதை நெருங்கும் வயது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஒருநாள் இரண்டு பேலட் ஒரே நேரத்தில் காணாமல் போய், இரண்டுமே தப்பான லாரியில் ஏறியிருந்தன. மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஈமா நேக்கா தாய்னா வேசா" என்றார். ஏதோ ஒரு ரகசியத் தொடர்பு இருக்கிறது. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் புரியவில்லை. அது 1975இல் வந்த பாட்டு. பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் பியேலோ துக்மே குழு பாடியது. எழுதியவர் துஷ்கோ திரிஃபுனோவிச். அவர் பாட்டெழுத வந்தவர் அல்ல, ஏற்கெனவே புத்தகங்கள் போட்டிருந்த கவிஞர். விதியைப் பற்றி அவர் எழுதிய கனமான வரி, முப்பது நாற்பது வருடம் கழித்து வியன்னாவில் பேலட் தொலைந்ததற்குப் பயன்படுகிறது. கவிதைக்கு நான் வைத்திருக்கும் பரீட்சை இதுதான்: புத்தகத்தில் இருக்கிறதா என்பதல்ல, வாயில் இருக்கிறதா என்பது.

(அந்தக் குழுவின் பெயரைக் கவனியுங்கள். வெள்ளைப் பொத்தான் என்று பொருள். வெள்ளைக்கு சரயேவோவில் பியேலோ, செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் பேலோ. ஆனால் பெல்கிரேடுக்காரர் யாரும் அந்தக் குழுவை "பேலோ துக்மே" என்று சொல்லி நான் கேட்டதில்லை.)

வரிகளைக் கவிதையாகப் படிக்கும் பழக்கம் ரசிகர்களால் மட்டும் வந்ததில்லை. அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு வரி (பாட்டு வரி இல்லை, டாக்ஸ்) போட்டார்கள், "ஷுண்ட்" வரி. ஷுண்ட் என்றால் குப்பை, ஜெர்மனிலிருந்து போன சொல். புத்தகமோ இசைத்தட்டோ, கலைமதிப்பு உள்ளதா என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். இல்லை என்று முடிவானால் கூடுதல் வரி, விலை ஏறும். நம்ப முடிகிறதா? தடை கிடையாது, ஜெயில் கிடையாது, மோசமான ரசனைக்கு அபராதம். நல்ல பாட்டு எது என்று முடிவு செய்ய ஆபீஸ் வைத்த நாட்டில், பாட்டெழுதுபவன் தன்னைக் கவிஞன் என்று நினைக்காமல் எப்படி இருப்பான்?

தணிக்கையும் இருந்தது. அதுவும் விசித்திரமாகத்தான். 1979இல் பியேலோ துக்மேயின் ஓர் ஆல்பத்தில் இயேசுவைப் பற்றி மரியாதையில்லாத ஒரு வரி. வெளியிட்ட ஸாக்ரெப் கம்பெனி யுகோதோன் "கிறிஸ்து" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அவர்" என்று மாற்றியது. கம்யூனிஸ்டுகள் ஆண்ட நாட்டில் கர்த்தருக்குக் காவல்! 1984இல் ரியேக்கா நகரக் கச்சேரி ஒன்றில் மார்ஷல் கம்பெனி ஆம்ப்ளிஃபயர் பழுதானது. பாடகர் "மார்ஷல் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, "ஆம்ப்ளிஃபயரைச் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார். நாட்டை ஆண்ட மார்ஷல் டிட்டோ இறந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு சிலேடைக்காக அந்தக் குழு பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, என்னை உண்மையில் கட்டிப்போட்டவருக்கு வருகிறேன். பிரானிமிர் ஷ்துலிச். எல்லோருக்கும் ஜோனி. ஸாக்ரெபின் அஸ்ரா குழு அவருடையது. அஸ்ரா என்ற பெயருக்கே ஒரு வம்சாவளி உண்டு. காதலித்தால் இறந்துபோகும் குலம் என்று அரபுக் கதைகளில் ஒரு கூட்டம் வரும். அதை ஜெர்மன் கவிஞர் ஹைனே கவிதையாக்கினார்: நீரூற்றருகே தினம் உலாவரும் சுல்தானின் மகள், தினம் வெளிறிப்போகும் அடிமை. உன் பெயரென்ன, குலமென்ன என்று அவள் கேட்க, காதலித்தால் சாகும் அஸ்ரா குலம் என்கிறான். அந்தக் கவிதை பொஸ்னியாவில் மொழிபெயர்ப்பாகப் போய், "செவ்தாலிங்கா" என்னும் அவர்களுடைய உருக்கமான பாட்டு வகையில் ஒன்றாகவே ஆகிவிட்டது. தூஸ்லாக்காரர் அதை அவருடைய பாட்டி பாடக் கேட்டவர். ஹைனே எழுதியது என்று நான் சொன்னபோது, "எந்த ஹைனே? எங்க ஊர்ப் பாட்டுப்பா அது" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அங்கிருந்துதான் ஒரு ராக் குழுவுக்குப் பெயர் வந்தது.

ஷ்துலிச்சின் வரிகளில் அலங்காரம் குறைவு. போலந்தைப் பற்றி 1981இல் ஒரு பாட்டு. முந்தைய ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அரசாங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரவைத்தார்கள். அதைப் பற்றிய பாட்டில் கோஷம் போட ஏகப்பட்ட இடம் இருக்கிறது. அவர் எழுதியது: எண்பதாம் வருடத்து க்தான்ஸ்க், இலையுதிர் காலம் "நே" என்று சொன்னபோது. அப்புறம், நாங்கள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இவ்வளவுதான். கட்டைவிரல் எதற்கு என்று எனக்குக் குழப்பம். தூஸ்லாக்காரர் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடிக் காட்டினார். யாராவது பரீட்சைக்குப் போனால், ஆபரேஷனுக்குப் போனால், நல்லபடியாக முடிய வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் இப்படிப் பிடித்துக்கொள்வார்களாம். அப்போதுதான் வரி திறந்தது. அங்கே புரட்சி நடக்கிறது, இங்கே நாங்கள் செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்ற வெட்கமும் அதில் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. அந்த வரி வெறும் அடுக்களைப் பேச்சு.

ஷ்துலிச் பிறகு நெதர்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து ஹோமரைத் தன் மொழிக்கு மொழிபெயர்த்தார். தூஸ்லாக்காரருக்கு இதில் ரொம்ப வருத்தம். "ஹோமருக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எங்களுக்கு இவர் ஒருத்தர்தானே" என்பார்.

ஒரு வரி எப்படித் தலைகீழாகும் என்பதற்கும் அந்த நாட்டில் உதாரணம் உண்டு. 1978இல் நோவி சாதின் ஜோர்ஜே பலாஷெவிச் "எங்களை நம்பலாம்" என்ற பொருளில் ஒரு பாட்டு எழுதினார். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கெரில்லாத் தலைமுறைக்கு இளைஞர்கள் தரும் வாக்குறுதி. "ராச்சுனாய்த்தே நா நாஸ்" என்று நாடே பாடியது. 1992 ஏப்ரலில், பொஸ்னியாவில் போர் தொடங்கிய அதே மாதம், பெல்கிரேடின் குடியரசுச் சதுக்கத்தில் போருக்கு எதிராக ஒரு பெரிய கச்சேரி. அதன் பெயர் "நே ராச்சுனாய்த்தே நா நாஸ்". எங்களை நம்பாதீர்கள், ஆள் கணக்கில் எங்களைச் சேர்க்காதீர்கள். முன்னால் ஒரு "நே", அவ்வளவுதான் திருத்தம். அதற்கு முந்தைய மாதம் சில இசைக்குழுக்காரர்கள் ஒரு லாரியில் ஏறி பெல்கிரேடு தெருக்களில் பாடிக்கொண்டே போனார்கள். அந்தப் பாட்டில் ஒரு வரி, "இஸ்போத் ஷ்லேமா மொஸ்கா நேமா". ஹெல்மெட்டுக்குக் கீழே மூளை இல்லை. ஷ்லேமா, நேமா என்று சின்னப் பிள்ளைகள் கேலிப்பாட்டு மாதிரி எதுகை. பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த ஊரில் அதைச் சத்தமாகப் பாடுவதற்கு நெஞ்சு வேண்டும்.

இனி மறுபக்கம். தொகுப்புகளை வாங்கிப் படித்தால் பாதிப் பாட்டுகள் தாளில் செத்துப்போகின்றன. கிட்டார் இல்லை, குரல் இல்லை, மழை, சிகரெட், பிரிந்த பெண் என்று ஒரே மாதிரி ஓடும். அப்புறம் இந்தத் தீர்க்கதரிசன வியாபாரம். எகதரினா வெலிகா குழுவின் மிலான் ம்லாதெனோவிச் ஸாக்ரெபில் பிறந்து, சிறு வயதில் சரயேவோவில் இருந்து, பெல்கிரேடில் பாடியவர். அந்த நாட்டையே ஒரு ஆளாகச் செய்தது போல. 1989இல் அவருடைய ஒரு பாட்டின் தலைப்பு "நமக்குச் சில ஆண்டுகள்". இரண்டு வருடத்தில் நாடு உடைந்தது, 1994இல் 36 வயதில் அவரும் போனார். உடனே, பார், அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இரண்டு பேருக்கு இடையிலான வரி. நாட்டைப் பிறகு நாம்தான் அதற்குள் நுழைத்தோம்.

கடைசியாக, நீங்கள் தமிழில் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று யோசிக்கலாம். நானே அந்த க்தான்ஸ்க் வரியை முயன்று பார்த்தேன். "இலையுதிர் காலம்" என்றாலே மூச்சு முட்டுகிறது, பாட்டில் எங்கே உட்காரும்? அதைவிடப் பெரிய தொல்லை "நே". அவர்களுக்கு ஒரே அசை. நமக்கோ இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது எல்லாம் வேறு வேறு. தொழிலாளி "வேண்டாம்" என்றால் கெஞ்சல், "மாட்டேன்" என்றால் வீம்பு. "முடியாது" என்று வைத்தேன். காலத்துக்கு, வேலைநிறுத்தம் நடந்த நாட்களை நம் மாதக் கணக்கில் பார்த்து "ஆவணி" என்று போட்டேன். "ஆவணி முடியாது என்றபோது." எனக்குப் பிடித்திருந்தது. பார்சல் ஸ்டிக்கரின் பின்பக்கம் எழுதி, தூஸ்லாக்காரரிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஆவணி என்றால்?"

"ஒரு மாதம். எங்கள் ஊரில் கல்யாணமெல்லாம் வரிசையாக நடக்கும்."

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்போ முடியாதுன்னு சொன்னது பொண்ணா, மாப்பிள்ளையா?"